பிளானிங் கொமிட்டி: அந்த மூன்று நிமிடத்தில் என்ன மாறும்? லண்டன் கவுன்சில் சேவை, ஒரு மதிப்பீடு

குசினியைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுவதென்றாலும் சரி, பழைய கிடங்கொன்றைக் கோயிலாக்குவதென்றாலும் சரி, லண்டனில் கடைசியில் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின், கட்ட அனுமதி தரும் பிளானிங் பிரிவுக்குத்தான் போய்ச் சேரவேண்டும். வீட்டு எக்ஸ்டென்ஷன் விண்ணப்பத்தின் கட்டணம் 2025 ஏப்ரலில் 258 பவுண்டிலிருந்து 528 பவுண்டாக ஏறியது. இனி ஒவ்வொரு ஏப்ரலிலும் விலைவாசியோடு சேர்ந்து அது திருத்தப்படும் என்பதால், கட்டுவதற்கு முன் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிராகரித்தால் காசு திரும்பாது. ஒரு வருடத்துக்குள் திருத்திய விண்ணப்பத்தை இலவசமாகப் போடலாம் என்றிருந்த சலுகையும் 2023 டிசம்பரோடு போய்விட்டது.

இவ்வளவுக்கும் கிடைக்கும் சேவைக்கு எங்கள் புள்ளிகள்: வெளிப்படைத்தன்மைக்கு ஐந்தில் நாலரை, வேகத்துக்கு ஒன்றரை, கூட்டத்தில் பேசக் கிடைக்கும் மூன்று நிமிட வாய்ப்புக்கு இரண்டு. அந்த வாய்ப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் புள்ளியும்.

முதலில், கவுன்சிலர்கள் கூடி வாக்களிக்கும் பிளானிங் கொமிட்டிக்கே உங்கள் விண்ணப்பம் போகாமல் இருக்கலாம். நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களை அதிகாரிகளே முடித்துவிடுகிறார்கள். கொமிட்டிக்குப் போகும் வழிகள் சில உண்டு. உங்கள் வட்டாரக் கவுன்சிலர் காரணம் காட்டிக் கூப்பிடலாம். ஆட்சேபக் கடிதங்கள் கவுன்சிலின் சொந்த விதியில் உள்ள எண்ணிக்கையைத் தாண்டலாம். விண்ணப்பித்தவர் கவுன்சிலராகவோ பிளானிங் பிரிவில் வேலை செய்பவராகவோ இருக்கலாம். பத்து வீடுகளோ அதற்கு மேலோ உள்ள பெரிய திட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் போகும். ஆட்சேபக் கடிதங்களின் எண்ணிக்கை வரம்பு கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். அதை அவர்களின் உள்விதிகள் அடங்கிய யாப்பு ஆவணத்தில் தேடினால் கிடைக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அதற்கும் முன்னால், அனுமதியே தேவையில்லாத வேலைக்கு இந்தக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். வரிசை வீட்டுக்கும் இரட்டை வீட்டுக்கும் பின்னால் 3 மீட்டர், தனி வீட்டுக்கு 4 மீட்டர் வரை தரைத்தள எக்ஸ்டென்ஷனை, உயரம் போன்ற மற்ற வரம்புகளுக்குள் நின்றால், அனுமதியில்லாமலே கட்டலாம். 6 மீட்டருக்கும் 8 மீட்டருக்கும் போகவேண்டுமென்றால் பக்கத்து வீட்டாருக்கு அறிவித்து 42 நாளில் முடியும் தனி வழி இருக்கிறது. கூரைக்கடியில் அறை அமைக்கும் லொஃப்ட் வேலைக்கு, கூரையில் கூட்டும் அளவு வரிசை வீட்டில் 40 கன மீட்டர் வரை, மற்ற வீடுகளில் 50. முன்பு யாராவது கூரையில் கூட்டிக் கட்டியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும், நம்மவர்கள் பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். ஃபிளாட்டுகளுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. பின்னால் வீடு விற்கும்போது வக்கீல் கேட்பார் என்பதால், அனுமதி தேவையில்லை என்று கவுன்சிலே உறுதிசெய்யும் சட்டபூர்வச் சான்றிதழ் ஒன்றை அரைக் கட்டணத்தில் எடுத்துவைப்பது நல்லது.

விண்ணப்பம் போட்டபின் முதல் தடங்கல் கவுன்சில் அதை ஏற்றுப் பதிவு செய்யும் கட்டத்திலேயே வரும். 1:1250 அளவில் சிவப்புக் கோடு போட்ட இட வரைபடம், 1:500 வளவு வரைபடம், இப்போதுள்ள நிலையும் கட்டப்போகும் நிலையும் காட்டும் 1:50 அல்லது 1:100 படங்கள் இவையெல்லாம் வேண்டும். படக்காரர் வடக்கு அம்புக்குறியை மறந்தால்கூடத் திருப்பி அனுப்பும் கவுன்சில்கள் உண்டு. இதைவிட மோசமான பிழை, நிலம் யாருடையது என்று விண்ணப்பத்தோடு கொடுக்கும் உடைமைச் சான்றில் நடக்கிறது. எல்லை மதிலை ஒட்டிக் கட்டும்போது அத்திவாரத்தின் ஓரமோ தண்ணீர்ப் பீலியோ பக்கத்து வளவுக்குள் ஒரு சாண் நீண்டாலும், ‘நிலம் முழுக்க என்னுடையது’ என்ற ஏ சான்று பொய்யாகிவிடும். அடுத்தவர் நிலமும் சேர்கிறது என்ற பி சான்று போட்டு, பக்கத்து வீட்டாருக்கு முறையாக அறிவித்தல் கொடுக்கவேண்டும். படத்தில் பீலி எல்லைக்கோட்டைத் தாண்டி நிற்பதை ஆட்சேபிப்பவர் கண்டுபிடித்துச் சொன்னால், நாலு கிழமை போனபின்பும் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

சரியாகப் பதிவான நாளிலிருந்து 8 கிழமை, பெரிய திட்டங்களுக்கு 13 கிழமை. இதில் குறைந்தது 21 நாள் பொதுமக்கள் கருத்துக்கு. இந்த 8 கிழமைக்குள் கொமிட்டிக்குப் போன விண்ணப்பம் முடிவது அபூர்வம், ஏனென்றால் கூட்டமே பொதுவாக மாதத்துக்கு ஒன்றுதான். ஏழாவது கிழமையில் அதிகாரியிடமிருந்து மின்னஞ்சல் வரும்: அவகாசத்தை நீட்டச் சம்மதமா என்று. அநேகமாக எல்லோரும் உடனே ‘ஆம்’ என்று எழுதிவிடுகிறார்கள். சிறிய விண்ணப்பத்துக்கு 16 கிழமை கடந்தும் முடிவு வராவிட்டால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை இருக்கிறது. எழுத்தில் நீட்டிப்புக்குச் சம்மதித்தால் அது போய்விடும். அதற்காக மறுத்துவிடு என்று சொல்லவும் முடியாது. மறுத்தால், திருத்திய படத்தை வாங்கிப் பார்க்காமல் இருக்கும் நிலையிலேயே நிராகரித்துவிடலாம். சம்மதிப்பதென்றால் கூட்டத் திகதியைக் குறிப்பிட்டு, அதற்குப் பிறகு ஒரு கிழமை வரை மட்டும் கொடுங்கள்.

ஆட்சேபக் கடிதங்களைப் பற்றி இரு பக்கத்தாருக்கும் சொல்லவேண்டியிருக்கிறது. வீட்டு விலை இறங்கும், என் காட்சி மறையும், அவர் ஏற்கெனவே மூன்று வீடு வைத்திருக்கிறார், எல்லைத் தகராறு நடக்கிறது: இவை ஒன்றும் கணக்கில் வராது. வெளிச்சம், அறைக்குள் எட்டிப் பார்க்கும் நிலை, சத்தம், தெருவின் தோற்றம், போக்குவரத்துப் பாதுகாப்பு இவை வரும். ஐம்பது பேர் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்துக் கொடுப்பதைவிட, வெளிச்சம் மறைகிறதா என்று பார்க்கப் பக்கத்து யன்னலின் நடுவிலிருந்து 45 பாகைக் கோடு போட்டு, புதிய சுவர் அதை எங்கே வெட்டுகிறது என்று காட்டும் ஒரே ஒரு கடிதம் பலமானது. கார் நிறுத்த இடமில்லை என்ற வாதம் லண்டனில் நினைப்பதைவிடப் பலவீனம். லண்டன் முழுவதற்குமான கட்டுமானக் கொள்கையான 2021 லண்டன் திட்டம் கார் தரிப்பிடத்துக்கு உச்சவரம்புதான் வைத்திருக்கிறது. ரயில், பஸ் வசதி நன்றாக உள்ள இடத்தில் தரிப்பிடமே இல்லாமல் கட்டுவதைத்தான் அது விரும்புகிறது. இன்னொன்று: ஆட்சேபிப்பவரின் பெயரும் முகவரியும் பொதுவாகக் கவுன்சில் தளத்தில் தெரியும். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அன்றிரவே வாசிப்பார்.

கூட்டத்துக்கு ஐந்து முழு வேலைநாளுக்கு முன் நிகழ்ச்சி நிரலும் அதிகாரி அறிக்கையும் வெளிவரும். இந்தச் சேவையில் உண்மையிலேயே மெச்சத்தக்கது இந்த அறிக்கை. எந்தக் கொள்கை பொருந்தும், யார் என்ன ஆட்சேபித்தார்கள், அதிகாரி ஏன் ஒத்துக்கொள்கிறார் அல்லது மறுக்கிறார், என்னென்ன நிபந்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். கட்டுமானக் கொள்கைகள் அடங்கிய உள்ளூர்த் திட்டத்தின்படியே முடிவெடுக்கவேண்டும், விலகினால் பிளானிங் சார்ந்த வலுவான காரணம் வேண்டும் என்பது பிளானிங் பற்றிய 2004 சட்டம். அதனால் பெரும்பாலான இரவுகளில் முடிவு அறிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கும். கூட்ட நாளன்று மாலை மேசையில் வைக்கும் கூடுதல் தாளைத் தவறவிடாதீர்கள். நிபந்தனை மாறியது, பிந்தி வந்த ஆட்சேபம், அறிக்கையின் பிழைதிருத்தம் எல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும்.

நடைமுறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. அதிகாரி படங்களைத் திரையில் காட்டுவார். பிறகு ஆட்சேபிப்பவர், பிறகு விண்ணப்பதாரர் அல்லது அவரது முகவர், வட்டாரக் கவுன்சிலர், உறுப்பினர்களின் கேள்விகள், விவாதம், வாக்கெடுப்பு. சமநிலை வந்தால் தலைவருக்கு இன்னொரு வாக்கு. பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் கொடுக்கவேண்டும். பெரும்பாலும் மூன்று நிமிடம், ஆட்சேபிப்பவர்கள் பலர் என்றால் அதைப் பங்குபோடச் சொல்லும் இடங்களும் உண்டு. புதிய தாள்களை அங்கே கொண்டுபோய் விநியோகிக்க விடமாட்டார்கள்.

மூன்று நிமிடம் என்பது நிதானமாக வாசித்தால் ஆங்கிலத்தில் நானூறு சொல். ‘முப்பது வருடமாக இந்தத் தெருவில் வரி கட்டுகிறோம்’ என்று ஆரம்பிப்பவருக்கு அதில் ஒரு நிமிடம் போய்விடும். பயன் தருவது இப்படிப்பட்ட பேச்சு: ‘அறிக்கையின் 6.12 பந்தியில் எங்கள் மேல்மாடிப் பக்க யன்னல் குளியலறை என்று இருக்கிறது. அது படுக்கையறை, அந்த அறைக்கு வேறு யன்னல் இல்லை.’ இப்படிச் சொன்னால் உறுப்பினர் ஒருவராவது அதிகாரியைப் பார்த்து ‘உண்மையா?’ என்று கேட்பார். அதிகாரி தாளைப் புரட்டத் தொடங்கினால், விடயத்தை ஒத்திவைத்து இடத்தைப் போய்ப் பார்க்கும் தீர்மானம் வர வாய்ப்புண்டு. விண்ணப்பதாரர் பக்கத்துக்கும் இதே வழிதான். மங்கல் கண்ணாடி போடுகிறோம், சுவரை அரை மீட்டர் உள்ளே இழுத்த படம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். குடும்பம் பெரிது என்ற கதை மனிதருக்குப் புரியும், கொள்கைக்குப் புரியாது.

‘எங்கட ஆள் ஒருவர் கவுன்சிலர்’ என்ற நம்பிக்கையையும் அளந்துதான் வைக்கவேண்டும். கவுன்சிலர் உங்கள் குறையைக் கேட்கலாம், கருத்தும் வைத்திருக்கலாம். ஆனால் மனத்தை மூடிக்கொண்டு முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டு வாக்களிக்கக் கூடாது. உள்ளூராட்சி பற்றிய 2011 சட்டம் (Localism Act) இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. கோயில் அறங்காவலராகவோ உறவினராகவோ இருந்தால் அவர் அதை அறிவித்துவிட்டு வெளியே போகவேண்டிவரும். தெரிந்த கவுன்சிலர் கொமிட்டிக்கு வெளியே இருந்து உங்களுக்காகப் பேசுவதே அதிகப் பயன்.

கோயில் விண்ணப்பங்களைத் தனியாகச் சொல்லவேண்டும். கிடங்கையோ கடையையோ வழிபாட்டிடமாக மாற்றுவது, கட்டடப் பயன்பாட்டு வகைகளில் எஃப்1 என்ற வகுப்புக்கு மாறுவது. நம்மவர்கள் சாமி, சனம், சத்தம் பற்றித் தயாராகிப் போவார்கள். ஆனால் கிடங்கு தொழிற்பேட்டைக்குள் இருந்தால் முதல் அடி வேறிடத்திலிருந்து வரும்: வேலைவாய்ப்புக்கான நிலத்தை இழக்கக் கூடாது என்ற கொள்கை. வேறு யாரும் வாடகைக்கு எடுக்க வரவில்லை என்பதைக் காட்ட, நீண்ட காலம் விளம்பரம் செய்ததற்கான ஆதாரம் கேட்பார்கள். குத்தகை எழுதிக் கையெழுத்து வைக்குமுன் இதைப் பார்க்காவிட்டால் வாடகையும் போய் விண்ணப்பமும் போகும். அடுத்தது ஆள் எண்ணிக்கை. ‘சுமார் ஐம்பது பேர்’ என்று எழுதிவிட்டு, சிவராத்திரிக்கும் தேருக்கும் எத்தனை பேர் என்று கேட்டால் விழிப்பது வழமை. சாதாரண நாள், வெள்ளிக்கிழமை, திருவிழா என்று மூன்று எண்ணிக்கை கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்துத் திட்டமும் கொடுங்கள். அன்னதானக் குசினியின் புகைக்குழாய் எங்கே முடிகிறது என்பது படத்தில் இருக்கவேண்டும். விடியப் பூசை, நாதஸ்வரம், ஒலிபெருக்கி பற்றிக் கேட்குமுன் நீங்களே நேரத்தை எழுதிக்கொடுத்தால், அதையே நிபந்தனையாக்கி அனுமதிப்பது அவர்களுக்கு இலகு. தேர் வீதிக்கு வருவதற்கு வீதி மூடும் அனுமதி வேறு; அதைப் பிளானிங் கொமிட்டியிடம் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

சேவை மிக மோசமாகத் தெரிவது அறிக்கைக்கு எதிராக உறுப்பினர்கள் வாக்களிக்கும் இரவில்தான். ‘இது அளவுக்கு மிஞ்சியது’ என்று முன்மொழிந்துவிட்டு, காரணம் என்ன என்று சட்ட அதிகாரி கேட்டதும் மேசையைச் சுற்றிக் கிசுகிசு தொடங்கும். எந்தக் கொள்கை மீறப்படுகிறது, என்ன தீங்கு என்று சொல்லமுடியாத நிராகரிப்பு மேன்முறையீட்டில் நிற்காது. ஆதாரமில்லாமல் மறுத்தால் செலவும் கவுன்சில் தலையில் விழலாம். மேன்முறையீட்டுக்குக் கட்டணமில்லை. வீட்டு விண்ணப்பத்துக்கு 12 கிழமை, மற்றவற்றுக்குப் பொதுவாக 6 மாதத்துக்குள் போடவேண்டும். வீட்டு விண்ணப்பத்தில் புதிய ஆதாரங்களுக்கு இடம் மிகக் குறைவு, முன்பு கொடுத்ததையே மேன்முறையீட்டை விசாரிக்கும் பரிசோதகர் பார்ப்பார். ஆகவே முதல் நாளே முழுதாகக் கொடுங்கள். அனுமதி கிடைத்ததை எதிர்த்துப் பக்கத்து வீட்டாருக்கு மேன்முறையீடே இல்லை. சட்டப் பிழை இருந்தால் 6 கிழமைக்குள் உயர் நீதிமன்றம், அதன் செலவைக் கேட்டே பலர் நின்றுவிடுவார்கள்.

அனுமதிக் கடிதம் வந்ததும் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மேசனைக் கூப்பிடாதீர்கள். பொதுவாக 3 வருடத்துக்குள் தொடங்கவேண்டும். ‘வேலை தொடங்குமுன்’ என்று ஆரம்பிக்கும் நிபந்தனை இருந்தால், செங்கல் மாதிரியோ வடிகால் விபரமோ எழுத்தில் ஏற்கப்படும்வரை அத்திவாரம் தோண்டக் கூடாது. வீட்டு விண்ணப்பத்தில் அந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் 2025 கட்டணப்படி 86 பவுண்ட். வேலை பாதுகாப்பாக நடக்கிறதா என்று பார்க்கும் கட்டட ஒழுங்கு அனுமதி தனி. இரு வீடுகளுக்கும் பொதுவான சுவர் பற்றிய பொதுச் சுவர்ச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் தனி: பொதுச் சுவரில் லொஃப்ட் உத்தரம் ஏற்றுவதற்கு 2 மாதம், பக்கத்து வீட்டுக்கு அருகில் அத்திவாரம் தோண்ட 1 மாதம் முன்னதாகக் கொடுக்கவேண்டும். கொமிட்டியில் தோற்ற பக்கத்து வீட்டுக்காரர் இங்கே சம்மதிக்காமல் சொந்தச் சேவையர் (surveyor) ஒருவரை வைத்துக்கொள்ளலாம், அந்தச் சேவையரின் கட்டணமும் வழக்கமாக உங்களிடம்தான் வரும்.