உப்புவெளி மூலிகை மசாஜ் நிலையம்: விலைக்குப் பின்னால் இருக்கும் பத்திரங்கள்

நாரிப்பிடிப்பு நீண்ட நாட்களாக விடாதிருந்ததால், திருகோணமலையின் உப்புவெளிக் கடற்கரைக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ள ஒரு மூலிகை எண்ணெய் மசாஜ் நிலையத்துக்குச் சென்றேன். ஒரு மணிநேரத்துக்கு 6,000 ரூபாய் அறவிடுகிறார்கள். அயலில் இதன் பாதி விலைக்குச் செய்பவர்களும் உள்ளனர். ஆயினும் இந்த விலை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஆயுர்வேதத் திணைக்களத்தின் பதிவுச் சான்றிதழும், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரமும், பிரதேச சபையின் வியாபார உரிமமும், மூன்றும் நடப்பு ஆண்டுக்குரியனவாக, எவரும் வாசிக்கக்கூடிய உயரத்தில் மாட்டப்பட்டிருந்தன. இவை இலவசமாகக் கிடைப்பவை அல்ல. கட்டணம் செலுத்தி ஒழுங்காகப் புதுப்பிப்பவர், தன்னைக் கண்காணிப்பவரின் செலவில் ஒரு பங்கைத் தானே சுமக்கிறார்; பதியாமல் நடத்துபவரின் மலிவு விலை, அந்தப் பங்கைத் தட்டிக்கழிப்பதாலும் உருவாகிறது.

சிகிச்சையில் எனக்குக் குறையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எங்கள் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்ற வைத்தியர் ஒருவர் முதலில் இரத்த அழுத்தம், பழைய சத்திரசிகிச்சை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை விசாரித்துக் குறித்துக்கொண்டார். ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களுமே மசாஜ் செய்கிறார்கள். எண்ணெயின் சூடு பொறுக்கிறதா என்று கேட்ட பிறகே தடவினார்கள்; வலித்த இடத்தில் அழுத்தத்தைக் குறைத்தார்கள். நீராவி அறை மட்டும் சற்று நெருக்கமானது.

மசாஜ் நிலையம் என்ற பெயரில் இயங்கிய விபசார விடுதி முற்றுகையிடப்பட்டதாக அடிக்கடி செய்தி வருகிறது. அதனால் நேர்மையாக உழைக்கும் பெண்கள் தங்கள் தொழிலை ஊரில் சொல்லவே தயங்குகிறார்கள். அவர்களைக் காக்கக்கூடியது ஒழுங்கான கண்காணிப்பே. அதன் செலவுக்குத் தண்டப்பணத்தை நம்பியிருப்பது சரியாகாது: தண்டத்தில் வாழும் அமைப்பு சிறு தவறுகளைத் தேடி அலையும், அல்லது தவறுகள் குறைந்த ஆண்டில் பரிசோதகருக்குச் சம்பளமின்றி நிற்கும்.

நம்மவர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 1991ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் இயங்கும் மசாஜ் சிகிச்சையாளர் ஒழுங்குபடுத்தல் அமைப்பு, முக்கியமாக உறுப்பினர்களின் பதிவுக் கட்டணங்களிலேயே நடக்கிறது. அதன் ஒழுக்காற்றுக் குழு 35,000 டொலர் வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் அந்தப் பணம் மாகாண நிதியமைச்சருக்குச் சேர்கிறது. விசாரணை போன்றவற்றுக்கான செலவை மாத்திரம் தவறிழைத்தவரிடமிருந்து அமைப்பு பெற்றுக்கொள்ள முடியும். தண்டிப்பதால் ஆதாயம் இல்லாதவரே நீதியாகத் தண்டிப்பார் என்பதால், இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இங்கு பதிவுக் கட்டணத்தை நிலையத்தின் வருமானத்துக்கு ஏற்ப அறவிட வேண்டும். ஒற்றைக் கட்டிலுடன் தொழில் செய்யும் பெண்ணிடம் பெரிய ஹோட்டலின் தொகையைக் கேட்டால், அவர் பதியாமலே இருந்துவிடுவார்.

இந்த நிலையத்திடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. பத்திரங்கள் யாவும் நிலையத்துக்குரியவை; மசாஜ் செய்பவர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றார் என்பதை அறிய வழியில்லை. அவரவர் பயிற்சிச் சான்றிதழையும் அருகில் மாட்டலாம். பற்றுச்சீட்டு கேட்டபோதுதான் கிடைத்தது. அதை எல்லோருக்கும் கேளாமலே கொடுக்க வேண்டும். செல்ல விரும்புவோர், வெளிநாட்டவர் நிறையும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் பதிந்துகொள்வது நல்லது.