பழைய .22 ரைஃபிளுக்கு லைனர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

என்னிடமுள்ள வின்செஸ்டர் மாடல் 1906 பம்ப் ரைஃபிளின் பேரலுக்குள் (குண்டு பாயும் குழலுக்குள்) லைனர், அதாவது புதிய உட்குழாய், போட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. இங்கே அமெரிக்காவில் பழைய .22 (சுமார் 0.22 அங்குலத் துளையுள்ள) துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர்கள், குறி துல்லியமாவதற்கு இந்தச் செலவு தகுமா என்று கேட்பதுண்டு. பேரல் உண்மையிலேயே பாழாகியிருந்தால் தாராளமாகச் செய்யலாம். சுமாராகச் சுடும் பேரலைப் போட்டித் தரத்துக்கு உயர்த்தும் எண்ணமிருந்தால் வேண்டாம் என்பதே என் கருத்து.

1906 முதல் 1932 வரை தயாரான இந்த மாடலில் வெளியே பளபளப்பும் உள்ளே துருவுமாக இருப்பவை ஏராளம். அக்காலத் தோட்டாவின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது விட்டுச்செல்லும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரித்தது. அந்த உப்பு நீரில் கரையுமே தவிர எண்ணெயில் கரையாது என்பதால், சுட்டு முடித்ததும் எண்ணெய்த் துணியால் அக்கறையாகத் துடைத்தவர்களின் பேரல்களும் தப்பவில்லை. 1920களின் பிற்பகுதியில் ரெமிங்டன் நிறுவனம் அரிக்காத பற்றவைப்பு மருந்துள்ள ‘கிளீன்போர்’ தோட்டாக்களைக் கொண்டுவந்த பிறகே அமெரிக்காவில் இந்த நிலை மாறத் தொடங்கியது.

என் ரைஃபிளில் 25 கஜத் தூரத்திலேயே குண்டு பக்கவாட்டில் புரண்டு, தாளில் வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம் போன்ற நீள்துளை விழுந்தது. உள்ளே படிந்திருந்த ஈயத்தை வெண்கலத் தூரிகையால் எடுத்து, குழல்முனையையும் புதிதாகச் சீவிப் பார்த்தும் பயனில்லை. இவ்விரண்டையும் செய்து பார்க்காமல் லைனருக்குப் பணம் கொடுக்கக் கூடாது; பல துப்பாக்கிகள் இந்தக் கட்டத்திலேயே சரியாகிவிடும்.

வேலை இதுதான்: பழைய துளையையே வழிகாட்டியாகப் பின்பற்றும் நீண்ட துளைப்பானால் பேரலைக் குடைந்து, உட்புறம் குண்டைச் சுழலவைக்கும் புரி வெட்டிய மெல்லிய எஃகுக் குழாயைப் பசையிட்டுச் செருகி, தோட்டா அறையைப் புதிதாகக் கடைந்து, முனையைச் சீராக்குகிறார்கள். ஈயப்பற்று வைப்பவர்களும் உண்டு. ஆனால் அதன் சூடு பேரலின் நீலப் பூச்சைக் கெடுக்கக்கூடும் என்பதால் நான் பசையையே கேட்டேன். .22 தோட்டாவின் சூடு குறைவு என்பதால் அது இன்றுவரை தளரவில்லை.

பலர் கவனிக்காத ஆதாயம் அந்தப் புதிய தோட்டா அறையில்தான் இருக்கிறது. .22-இல் நீண்ட வகையான லாங் ரைஃபிள் தோட்டாவுக்கான அறையில் ஆண்டுக்கணக்கில் குட்டை வகையான ஷார்ட் தோட்டாக்களைச் சுட்டால், ஷார்ட்டின் உலோகக் கூடு முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் வளையமாக ஓர் அரிப்பு உண்டாகும். பிறகு லாங் ரைஃபிள் தோட்டாவைச் சுடும்போது கூடு அந்த வளையத்துக்குள் விரிந்து, வெளியேற மறுத்துச் சிக்கிக்கொள்ளும். புரிகள் மட்டுமன்றி அறையும் மாறிவிட்டதால், என் துப்பாக்கியில் அந்தத் தொல்லை ஒழிந்தது. சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நுழையும் வெட்டின் ஓரத்தில் மட்டும் பிசிறு இருந்ததால் தொடக்கத்தில் கூடுகளில் கீறல் விழுந்தது. பழுதுபார்த்தவரிடமே திரும்பக் கொடுத்து அதைத் தேய்த்து வாங்கினேன்.

இப்போது சாதாரண வேகத் தோட்டாக்களைக் கொண்டு, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துத் திறந்த குறிமுள்ளால் சுட்டால், 50 கஜத்தில் ஐந்து குண்டுகளும் ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலத்துக்குள் விழுகின்றன. இதற்குமேல் சுருங்காததற்கு லைனரைக் குறை சொல்ல முடியாது. பேரலைக் கழற்றி மாட்டும் இணைப்பிலுள்ள சிறு ஆட்டமும், கனமான டிரிகரும், என் கண்ணும் அந்த எல்லையை வகுக்கின்றன. அதிவேகத் தோட்டாக்களை நான் இதில் போடுவதில்லை. பேரல் புதிதானாலும், தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டும் மற்ற பாகங்களும் நூறு வயதை ஒட்டியவையே.

செலவு சுமார் முந்நூறு டாலர் ஆயிற்று. ருகர் 10/22 போன்ற நவீன .22 துப்பாக்கியில் இரண்டு திருகுகளைக் கழற்றினால் பேரலையே மாற்றிவிடலாம் என்பதால், அதற்கு லைனர் போடுவது வீண். முத்திரையும் பழைய வடிவமும் மாறாமல் சுட வேண்டிய துப்பாக்கிக்கே இது பொருந்தும். பூச்சு குலையாத அசல் நிலையில் ஒன்று கையிலிருந்தால், சேகரிப்பாளர்கள் மதிப்பைக் குறைப்பார்கள் என்பதால், அதன் உள்துளை எவ்வளவு மோசமாக இருந்தாலும் நான் தொடமாட்டேன். என்னுடையதற்கு முன்பே யாரோ மறுபூச்சு கொடுத்திருந்தார்கள், அதனால் எனக்கு அந்தத் தயக்கம் எழவில்லை.