‘நம்ம ஊரா அக்கா?’ என்று விற்கப்படும் ரெகவரி கிட்: வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

பெங்களூரில் கர்ப்பப்பை, சினைப்பைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடித்து ஓசூர், கிருஷ்ணகிரிக்குத் திரும்பும் குடும்பங்களிடம் ஒரு ‘ரெகவரி கிட்’ தள்ளிவிடப்படுகிறது. விற்பவர் தமிழில் பேசுவார். அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிடும். இரண்டு பவுடர் டப்பா, மூன்று கேப்ஸ்யூல் பாட்டில், ₹6,500, பில் கிடையாது. அப்படி வாங்கி ஏமாந்த ஒரு வீட்டின் கிட்டைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது இது.

டப்பாவின் முன்பக்கம்: ‘ஒரு வேளைக்கு 9.6 கிராம் புரதம்’. பின்பக்கம் பொடி எழுத்தில்: ‘200 மி.லி. பாலில் கலந்தால்’. அதில் 6 கிராம் நீங்கள் ஊற்றும் பாலுடையது. 30 கிராம் பவுடர் தருவது வெறும் 3.6. மீதி பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று போட்டிருந்தாலும் இது சுகரை ஏற்றும். ₹950 கொடுத்த 400 கிராம் டப்பா முழுவதிலும் 48 கிராம் புரதம்தான். எட்டு முட்டை!

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 75 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம், அரை லிட்டர் பாலும் தயிருமாக 15, மீனோ கோழியோ 100 கிராம் 20, பருப்பு 50 கிராம் 11. ஆக 58, மிச்சத்தைச் சோறும் ராகியும் பார்த்துக்கொள்ளும். சாப்பாடே இறங்காமல் எடை குறைந்தால் பவுடர் தேவைப்படலாம்தான். அதை டயட்டீஷியன் எழுதித் தரட்டும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுபவர்கள், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் டெஸ்ட்டையும் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பவுடரில் போவது பணம். கேப்ஸ்யூல்தான் எங்களுக்குக் கவலை. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல் கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் உண்டு (குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை). ரத்தம் உறையாமலிருக்க 4 வாரம் வரை போடும் எனாக்ஸாபரின் ஊசியோடு சேர்ந்தால் ரத்தக்கசிவும் கூடலாம். நிறுத்த வேண்டியது கேப்ஸ்யூலை, ஊசியை அல்ல. ‘முடி வளர’ என்று தரும் அதிக அளவு பயோட்டின், சினைப்பைப் புற்றுநோயைக் கண்காணிக்கும் சிஏ-125 ரத்த டெஸ்ட்டின் அளவையே சில லேப் முறைகளில் தவறாகக் காட்டக்கூடும். டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். ஹார்மோன் போல வேலை செய்யக்கூடிய சோயா ஐசோஃப்ளேவோன், சதாவரி (தண்ணீர்விட்டான் கிழங்கு) மாத்திரைகளை, கட்டி ஹார்மோனுக்கு வளரும் வகையா என்று டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண், பேட்ச், காலாவதி தேதி மூன்றும் வேண்டும். எம்ஆர்பி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டப்படி குற்றம்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள். யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் செய்தி, லேபிள் போட்டோ மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நுகர்வோர் வழக்குக்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.