பெரிய புத்தகமா, சின்னக் குழுவா, திரையா? வகுப்பறையில் படக்கதை வாசிக்க மூன்று வழிகள்

இருபத்தைந்து குழந்தைகள், கையில் ஒரே ஒரு படப் புத்தகம். கடைசி வரிசைக்கும் படம் தெரிய வேண்டும். பெரிய அளவில் அச்சிட்ட புத்தகத்தை ஸ்டாண்டில் நிறுத்தலாம், சிறு குழுக்களாகப் பிரித்துச் சாதாரணப் புத்தகத்தையே படிக்கலாம், புரொஜெக்டரில் காட்டலாம். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

எழுத்தின் மீது கண் போக வேண்டுமென்றால் பெரிய புத்தகம்தான். மடியில் உட்கார்ந்து கதை கேட்கும் குழந்தைக்குப் பக்கம் கிட்டத்தில் தெரியும். அதை வகுப்பு முழுவதற்கும் கொடுக்க நியூசிலாந்துக் கல்வியாளர் டான் ஹோல்டவே முன்வைத்த முறை இது. கண்ணசைவைப் பதிவுசெய்து 2005-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், கதை கேட்ட நான்கு வயதுக்காரர்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் படத்தைத்தான். எழுத்தைத் தொட்டுக் காட்டினால்தான் கண் அங்கே போகும். குச்சியைச் சொல்லுக்கு அடியில் வையுங்கள். மேலே வைத்தால் எழுத்து மறையும். ஒரு சொல்லுக்கு ஒரு தொடுகை. இங்கே தமிழில் ஒரு சிக்கல்: ‘ஓடிக்கொண்டிருந்தது’ போன்ற நீளச் சொல் வந்தால், குழந்தை அசைக்கொரு முறை விரலை நகர்த்தி அடுத்த சொல்லுக்குத் தாவிவிடும். ஆகவே குட்டிச் சொற்களும் திரும்பத் திரும்ப வரும் வரியும் உள்ள கதையாக எடுங்கள். பக்கத்துக்கு ஐந்தாறு வரி போனாலே இந்த முறை நொண்டும்.

பேச்சு வளர வேண்டுமென்றால் ஐந்து முதல் எட்டுக் குழந்தைகள், அரைவட்டம், சாதாரண அளவுப் புத்தகம். எங்கள் ஓட்டு இதற்கே. 1988-இல் அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் தாய்மாரை வைத்துச் சோதித்த உரையாடல் வாசிப்பு இந்த அளவில்தான் கைகூடும். கேட்பது, பதிலைக் கவனிப்பது, விரிப்பது, திரும்பச் சொல்லவைப்பது என நான்கு படிகள். “நாய் ஓடுது” என்று குழந்தை சொன்னால், “ஆமா, கறுப்பு நாய் பயந்துபோய் ஓடுது. எங்கே, நீ சொல்லு?” என்கிறீர்கள். பலர் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். புதுச் சொல் குழந்தையின் வாயில் வருவது அங்கேதான். முதல் வாசிப்பில் இரண்டு மூன்று இடத்துக்கு மேல் நிறுத்தாதீர்கள், கதை அறுந்துவிடும். “இது என்ன?” ஒற்றைச் சொல்லில் முடியும், “இவன் ஏன் ஒளிஞ்சிருக்கான்?” வாக்கியத்தைக் கேட்கும்.

பிடிக்கும் விதமும் முக்கியம். புத்தகத்தின் அடி விளிம்பை நடுவில் ஒரு கையால் பிடித்து, தோளுக்குப் பக்கவாட்டில், குழந்தைகளின் கண்மட்டத்தில் வையுங்கள். மடியில் வைத்தால் முன்வரிசைக்கு மட்டும்தான் தெரியும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பக்கம் இருண்டுபோகும். வழவழத் தாளானால் எதிர்ச் சன்னல் வெளிச்சம் படத்தின் மேலேயே பளபளக்கும். சன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். நடு மடிப்பில் புதைந்த உருவங்களை முன்கூட்டியே பார்த்துவைத்து, அந்த இடத்தில் புத்தகத்தை நன்றாக விரியுங்கள்.

சிறு குழு வழியின் உண்மையான தடை, மீதிக் குழந்தைகளை என்ன செய்வது என்பதே. நாளுக்கு ஒரு குழு, பத்து நிமிடம் என்று வைத்தால் நான்கு நாளில் வகுப்பு முடியும். மற்றவர்களுக்கு, இருவருக்கு ஒன்று வீதம், முன்பே கேட்ட கதைப் புத்தகங்களைக் கொடுங்கள். புதுப் புத்தகம் கொடுத்தால் சந்தேகம் கேட்க உங்களிடமே வருவார்கள்.

திரைக்குக் கடைசி இடம். படம் பெரிதாகத் தெரியும், ஆனால் அறையை இருட்டாக்கினால் உங்கள் முகம் தெரியாது, தொட்டுக் காட்டப் போனால் நிழல் விழும், அடுத்த பக்கம் என்ன என்று தவிக்கவைக்கும் பக்கம் புரட்டலும் போய்விடும். தொட்டால் சத்தமிடும் படங்கள் கொண்ட செயலிகள் கதையிலிருந்து கவனத்தை இழுப்பவை. ஆனாலும் ஒரு வேலைக்குத் திரையை மிஞ்ச ஆளில்லை: கதையைக் கேட்டு முடித்த பிறகு, பொடிப்பொடி விவரங்கள் நிறைந்த ஒரே ஒரு பக்கத்தைப் போட்டு, ஓவியர் மூலையில் ஒளித்துவைத்த பூனையை வகுப்பே தேடுவதற்கு.