பிரெஞ்சு விருந்து என்று போய் 10,107 ரூபாய் இழந்தோம்: வேலூர், காட்பாடிப் பகுதியினர் கவனத்துக்கு

6,600 ரூபாய் என்று பேசி முடித்த ஓர் இரவு உணவுக்கு 16,707 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். கூடுதலாகப் பறிபோனது 10,107 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்த இந்தச் சம்பவத்துக்கு வியாழக்கிழமையான இன்று வரை அந்த உணவகத்திடமிருந்து ஒரு ரூபாயும் திரும்பி வரவில்லை. போதாக்குறைக்கு, தங்கள் வாட்ஸ்அப் எண்ணில் என்னைத் தடை செய்தும் விட்டார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதப் போவதில்லை. பாலாற்றுக்கு வடக்கே, காட்பாடிப் பக்கம், குடியிருப்புத் தெரு ஒன்றில் பழைய மாடி வீட்டைப் புதுப்பித்து, மஞ்சள் சுண்ணாம்பு பூசி, வாசலில் போகன்வில்லா வைத்து நடத்தப்படும் ஒரு பிரெஞ்சு உணவகம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

என் பெற்றோரின் 40-ஆவது திருமண நாள் அது. அப்பா இளமையில் சில காலம் புதுச்சேரியில் வேலை பார்த்தவர். அங்கே கடற்கரைத் தெருக்களில் சாப்பிட்ட பிரெஞ்சுச் சாப்பாட்டைப் பற்றி இன்றும் பேசுவார். வயதானவர்களைக் காரில் அவ்வளவு தூரம் அழைத்துப் போவது சிரமம் என்பதால், நம் ஊரிலேயே அப்படி ஓர் இடம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அக்காவுக்கும் எனக்கும் மிகுந்த மகிழ்ச்சி. இல்லாவிட்டால் வழக்கம்போல ஆம்பூர்ப் பக்கம் பிரியாணிக்குப் போயிருப்போம். 10,107 ரூபாயும் கையில் இருந்திருக்கும்.

முன்பதிவு செய்வதற்காக அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஒரு மாலை அங்கே சென்றேன். நடத்துபவர் முப்பது வயது மதிக்கத்தக்கவர். எழுந்து நின்று வரவேற்று, அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். சுவரில் கர்நாடகப் போர்க் காலத்து வரைபடம் ஒன்றைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்ததும் பேச்சு அங்கேதான் போயிற்று. 1749-இல் ஆம்பூரில் நடந்த போரில் பிரெஞ்சுப் படையின் துணையோடு சந்தா சாகிப் தரப்பு ஆற்காட்டு நவாப் அன்வருதீனை வீழ்த்தியதையும், 1760-இல் வந்தவாசியில் அதே பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றதையும் இருவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நம்ம வடஆற்காட்டுக்கும் பிரான்சுக்கும் பழைய உறவு சார்" என்றார் அவர். அப்பா நெகிழ்ந்துவிட்டார். நவாபுக்கு அந்த உறவால் என்ன ஆயிற்று என்பதை அந்த நேரத்தில் நானாவது யோசித்திருக்கலாம்.

பேச்சு முடிந்ததும், நான் கேட்காமலேயே, "எல்லாத்தையும் எழுத்துல போட்டுடறேன் சார், அப்பதான் உங்களுக்கும் நிம்மதி" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பினார். ஒரு நபருக்கு 1,100 ரூபாய், சூப், பிரெட், முதன்மை உணவு, இனிப்பு, தண்ணீர் அனைத்தும் அடக்கம், வரியும் அடக்கம், 6 பேருக்கு 6,600 ரூபாய், முன்பணம் 3,000 ரூபாய். இதைவிடத் தெளிவாக யாரால் எழுத முடியும்? நான் உடனே கூகுள் பே மூலம் 3,000 ரூபாயை அனுப்பினேன். திரையில் உணவகத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு தனிநபரின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "கரண்ட் அக்கவுண்ட் மாத்திட்டிருக்கோம் சார், இது எங்க அண்ணன் நம்பர்தான்" என்றார். அந்தச் சிரிப்பையும், அப்பாவுக்கு அவர் நீட்டிய எலுமிச்சைச் சாற்றையும் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஞாயிறு இரவு ஆறு பேரும் போனோம். சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அக்காவின் கணவர் புதுச்சேரிக்காரர். அவருடைய உறவினர்கள் பலர் பாரிஸில் இருக்கிறார்கள், அவரும் போய் வந்தவர். பிரெஞ்சு வெங்காய சூப் என்றால் வெங்காயத்தை வெண்ணெயில் மெதுவாக, பழுப்பு நிறம் வரும் வரை வதக்கி, மேலே ரொட்டித் துண்டும் க்ரூயேர் பாலாடைக்கட்டியும் வைத்து, மேற்பரப்பு பொன்னிறமாகும்படி சுட்டெடுப்பார்கள். எங்களுக்கு வந்தது வெந்நீரில் மிதந்த வெள்ளை வெங்காயம், அதன் மேல் உருகாத ஒரு சீஸ் ஸ்லைஸ். முதன்மை உணவு 'கோக் ஓ வான்', அதாவது சிவப்பு ஒயினில் கோழியை நெடுநேரம் வேகவைக்கும் பதார்த்தம். மது உரிமம் இல்லாததால் ஒயின் சேர்ப்பதில்லை என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வந்தது திராட்சைச் சாறு ஊற்றிய தித்திப்பான பிராய்லர் குழம்பு. க்ரெம் ப்ரூலேயின் மேல் சர்க்கரை கண்ணாடித் தகடுபோல் உருகி இறுகியிருக்க வேண்டும், கரண்டியால் தட்டினால் 'டக்' என்று உடைய வேண்டும். எங்கள் கிண்ணங்களில் சீனி சீனியாகவே கிடந்து பல்லில் நறநறத்தது. அம்மா மட்டும் குறை சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார்.

சமையல் சரியில்லை என்பதற்காக யாரும் எச்சரிக்கைப் பதிவு எழுதுவதில்லை. பில்லுக்கு வருகிறேன்.

முதன்மை உணவு 950 ரூபாய் வீதம் 6, 5,700 ரூபாய். சூப் 320 வீதம் 1,920. எங்கள் மேசையில் தாமாகவே கொண்டுவந்து வைத்த பிரெட் கூடைகள் மூன்று, 240 வீதம் 720. மூடியைத் திறந்தே வைத்த தண்ணீர் பாட்டில்கள் நான்கு, 120 வீதம் 480. இனிப்பு 290 வீதம் 1,740. ஆக 10,560 ரூபாய். அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் 1,056. அதற்கும் மேல் ஜிஎஸ்டி என்று 18 சதவீதம். மொத்தம் 13,707 ரூபாய். முன்பணம் 3,000 ரூபாயைக் கழிக்கவே இல்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்: ஜிஎஸ்டி எண் இல்லை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை, பில் எண்கூட இல்லை, மேலே ஈபிள் கோபுரப் படம் மட்டும் இருந்தது.

கல்லாவுக்குப் போய்க் கேட்டபோது அன்று வரவேற்றவர் அங்கே இல்லை. இருந்த பையன், 1,100 ரூபாய்த் திட்டம் மதிய உணவுக்கு மட்டும்தான் என்றான். 3,000 ரூபாய் முன்பணம் அல்ல, 'டேபிள் சார்ஜ்' என்றான். எழுத்தில் இருக்கிறதே என்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அந்த உரையாடலே வெறுமையாகக் கிடந்தது. தாமாக மறையும் செய்தி வசதியை, 24 மணி நேரத்துக்கு, அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து போட்டு வைத்திருக்கிறார்கள்! என் கண் முன்னே தட்டச்சு செய்து "நிம்மதி" தந்த அந்தச் செய்தி மறுநாளே அழிந்துபோயிருக்கிறது. நல்லவேளையாக அன்றே நான் அதை எங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பியிருந்ததால் அங்கே அப்படியே இருந்தது. அக்கா தன் கைப்பேசியை நீட்டிக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பையன், "இது ஃபார்வேர்டு மெசேஜ் மேடம், இதை யார் வேணா டைப் பண்ணலாம்" என்று சொன்னான்.

பக்கத்து மேசைகளில் ஆட்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். அம்மா எழுந்து வந்து, "நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்ப்பா, குடுத்துட்டு வா" என்று என் கையைப் பிடித்தார். இந்தச் சங்கடத்தை வைத்துத்தான் இவர்கள் தொழில் நடத்துகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். "இப்ப கட்டுங்க சார், நாளைக்கு முதலாளி பார்த்துட்டு எக்ஸ்ட்ரா அமவுண்ட் திருப்பிப் போட்டுடுவார்" என்றான் பையன். 13,707 ரூபாயைக் கட்டினேன்.

மறுநாள் அழைத்தபோது முதலாளி பாண்டிச்சேரிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு கணக்காளரிடம் கேட்க வேண்டும் என்றார்கள். பிறகு கணக்காளர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். ஒரு முறை முன்பதிவன்று எங்களை வரவேற்றவரே எடுத்தார், குரலை அடையாளம் கண்டு பெயரைச் சொன்னதும், "சார், கிச்சன்ல இருக்கேன், அப்பா நல்லா இருக்காரா? ரெண்டு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை. 10,107 ரூபாயை எப்படிக் கணக்கிட்டேன் என்று வரிவரியாக எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. சற்று நேரத்தில் அவர்களுடைய முகப்புப் படம் என் திரையிலிருந்து மறைந்தது. நேரில் போனால் அடுத்த முறை வரும்போது 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று ஒரு கூப்பனை நீட்டுகிறார்கள். அடுத்த முறையாம்!

இனி, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. சேவைக் கட்டணத்தை உணவகம் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. உணவகச் சங்கங்கள் எதிர்த்துத் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அதை உறுதி செய்தது. விருப்பப்பட்டால் கொடுக்கலாம், கட்டாயமில்லை. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, தங்கும் அறைகள் இல்லாத இப்படிப்பட்ட தனி உணவகத்துக்கு 5 சதவீதம்தான். 18 சதவீதம் என்பது நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை உள்ள விடுதிகளுக்குள் இயங்கும் உணவகங்களுக்கானது. விற்பனையில் ஒரு சிறு விகிதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் சிறிய உணவகமாக இருந்தால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு காசுகூட வாங்க முடியாது. எண்ணே இல்லாத பில்லில் வாங்கிய அந்த வரி யார் கணக்குக்குப் போயிற்று என்பதை வரித் துறைதான் கேட்க வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலையைவிட அதிகமாக உணவகங்கள் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டதால் அந்த 120 ரூபாய் விலையோடு நான் சண்டை போடவில்லை. எங்களோடு பேசிய தொகையில் தண்ணீர் அடக்கம் என்பதே என் வாதம். அக்காவின் கணவருக்குத்தான் கூடுதல் எரிச்சல். பிரான்சில் உணவகங்கள் விலைப்பட்டியலை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும், போட்டிருக்கும் விலையில் சேவையும் அடக்கம், சாப்பிடுபவருக்குக் குழாய்த் தண்ணீரும் ரொட்டியும் தனிக் காசில்லாமல் வரும், பெயரை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று வீடு வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். பணம் போய்விட்டாலும் விடப் போவதில்லை.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன்; எழுத எழுதக் கோபம்தான் ஏறுகிறது, ஆகவே சுருக்கமாக. உணவகத்தோடு வாட்ஸ்அப்பில் பேசினால் மறையும் செய்தி வசதி போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், விலை எழுதிய செய்தியை உடனே படமெடுத்து வையுங்கள். தனிநபர் பெயருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். கேட்காமல் மேசைக்கு வரும் பிரெட்டையும் பாட்டிலையும் திருப்பி அனுப்புங்கள். பில்லில் 33-இல் தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இல்லையென்றால் வரியைக் கட்டாதீர்கள். மருத்துவமனைக்கு என்று வெளிமாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களும் மாணவர்களும் அந்தப் பக்கம் அதிகம் போகிறார்கள். மொழி தெரியாதவர்களிடம் இன்னும் எளிதாக ஏமாற்றுவார்கள், தெரிந்தவர்கள் சொல்லி வையுங்கள்.

வரும் சனிக்கிழமைக்கு 'தம்பதியர் விருந்து' என்று அதே உணவகம் இப்போது விளம்பரம் செய்கிறது: ஒரு ஜோடிக்கு 2,500 ரூபாய், முன்பணம் 1,000. கட்டியவர்கள் இருந்தால் இன்றைக்கே ரசீது கேளுங்கள், தரவில்லையென்றால் சனிக்கிழமை வரை காத்திருக்காமல் 1915-ஐ அழையுங்கள்.