10 வாட் என்று விற்ற எஸ்டிஆர் பெட்டி: புது ஹாம்கள் கவனத்துக்கு

புதிதாக ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்தவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் எஸ்டிஆர் (மென்பொருளில் இயங்கும் ரேடியோ) பெட்டிக்குப் பணம் அனுப்புங்கள்.

"கம்ப்யூட்டரில் மாட்டும் எஸ்டிஆர் ஹாம் ட்ரான்ஸீவர், 1 மெகாஹெர்ட்ஸ் முதல் 6 கிகாஹெர்ட்ஸ் வரை, 10 வாட், இன்ஸ்டாலேஷனும் எங்கள் பொறுப்பு" என்று விளம்பரம். 38,000 ரூபாய், முழுசும் முன்பணம். பில் கேட்டால் "பெட்டியோட வரும் சார்" என்றார் விற்றவர். வரவில்லை.

வந்தது ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்டிஆர் போர்டின் நகல். அசலின் வடிவமைப்பு எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டது என்பதால் நகல் எடுப்பது தப்பில்லை. படிக்க, சோதிக்க அருமையான சாமான்தான். ஆனால் அதை வைத்து 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் வாக்கில்) ஊர் ஊராகப் பேச முடியாது. ஷார்ட்வேவில் அது வெளியே தள்ளுவது அதிகபட்சம் 15 டிபிஎம் வாக்கில், அதாவது சுமார் 30 மில்லிவாட். 10 வாட்டில் முந்நூறில் ஒரு பங்குகூட வராது.

கேட்பது என்னவோ நன்றாகவே கேட்கும். ஆளை மயக்குவதே அதில்தான். அவர்களுடைய ஆள் தூரத்திலிருந்தே என் கணினிக்குள் வந்து, ஸாடிக் என்ற மென்பொருளை வைத்து டிரைவர் ஏற்றி, 40 மீட்டரில் நாலு பேர் பேசுவதை ஓடவிட்டு, "செட் ஆயிடுச்சு சார்" என்று கிளம்பிவிட்டார். டிரான்ஸ்மிட் போட்டால் வாட் மீட்டர் முள் அசையவே இல்லை. ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (சக்தியை வாங்கிக்கொள்ளும் சோதனை மின்தடை) மாட்டினாலும் அதே கதை. விற்றவரைக் கேட்டதற்கு கம்ப்யூட்டர் பழசு என்றார், யுஎஸ்பி கேபிள் சரியில்லை என்றார், ஆன்டெனா மேட்ச் ஆகவில்லை என்றார். கடைசியில், "12,000க்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டுக்குங்க, 10 வாட் வந்துடும்."

பெரிய வில்லங்கம் இதில்தான். அந்த போர்டில் பேண்டுக்கு ஏற்ற லோ-பாஸ் ஃபில்டர் (அதற்கு மேலே உள்ள அலைவரிசைகளைத் தடுப்பது) கிடையாது. 7.1 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் 14.2, 21.3 என்று அதன் மடங்குகளான ஹார்மோனிக்ஸும் கூடவே கிளம்பும். வெறும் ஆம்ப்ளிஃபயரை மாட்டினால் அவற்றையும் சேர்த்துத்தான் பெருக்கும். டபிள்யூபிசிக்கு (மத்திய அரசின் ரேடியோ அலைவரிசை, லைசென்ஸ் பிரிவு) புகார் போனால் பதில் சொல்ல வேண்டியவர் கால்சைன் (லைசென்ஸோடு வரும் அழைப்புக் குறி) வைத்திருக்கும் நீங்கள், விற்றவர் இல்லை. "சாஃப்ட்வேர் ரேடியோவுக்கு லைசென்ஸே வேணாம் சார்" என்றும் கூசாமல் சொன்னார், ஏஎஸ்ஓசி (ஹாம் லைசென்ஸுக்கான) தேர்வு எழுதி வந்தவனிடமே!

இன்னொரு விஷயம். இன்ஸ்டாலேஷனுக்காக ஏற்றிய ரிமோட் மென்பொருளில், என்னைக் கேட்காமலே எப்போது வேண்டுமானாலும் உள்ளே நுழையும்படி ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வங்கிக் கணக்கு பார்ப்பதும் அதே கணினியில்தான். மென்பொருளை அழித்து, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினேன். இப்படி யாரையாவது உள்ளே விட்டிருந்தால் இன்றைக்கே பாருங்கள்.

வாங்குவதற்கு முன், நீங்கள் சொல்லும் அலைவரிசையில் டம்மி லோடும் வாட் மீட்டரும் தெரிய வீடியோ கேளுங்கள். ஃபில்டர் போர்டு எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஹெர்ம்ஸ் லைட் 2 என்ற எஸ்டிஆர் வெறும் 5 வாட்தான், ஆனால் 5 என்றே சொல்கிறார்கள். அதற்கென ஃபில்டர் போர்டும் இருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். விற்றவர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அதே படம் இப்போது வேறு பக்கத்தில் 34,500 ரூபாய்க்கு ஓடுகிறது. வாட் மட்டும் 15 ஆகியிருக்கிறது.