வாக்குவம் கார்புரேட்டரா, டபுள் பம்பரா?

1960களின் வி8 (எட்டு சிலிண்டர்) காரைக் கால் மைல் நேர்கோட்டு டிராக் பந்தயத்துக்குத் தயார் செய்பவர்கள் பலரும், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் கண்ணை மூடிக்கொண்டு டபுள் பம்பர் (இரண்டு பெட்ரோல் பம்ப் கொண்டது) வகையை வாங்குகிறார்கள். எடை மிகுந்த, ஆட்டோமேட்டிக் கியர் காருக்கு அது பெரும்பாலும் வீண்செலவு.

டபுள் பம்பரில் கூடுதல் காற்றுக்கான பின்பக்கத் துவாரங்களைக் கம்பி இணைப்பு நேரடியாகத் திறக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே காற்று பாய்ந்துவிடும். பெட்ரோல் பின்தங்கினால் கார் புறப்படும் கோட்டிலேயே திணறும். அதை ஈடுகட்டத்தான் பெட்ரோலைப் பீய்ச்சும் இரண்டாவது பம்ப். திணறலோடு கார்புரேட்டர் இருமினால் பெட்ரோல் போதவில்லை. கறுப்புப் புகை கக்கினால் அதிகம். எஞ்சின் ஆறியபின், அணைத்த நிலையில் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர் இயக்கும் காற்றுத் திறப்பை) மெல்ல அசைத்து உள்ளே பாருங்கள்: அசைந்த உடனே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். எடை குறைந்த கார், மேனுவல் கியர், 4.11 போன்ற ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்றுவது) என்றால் தாராளமாக டபுள் பம்பரையே மாட்டலாம்.

வாக்குவம் வகையில் எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்ப டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வு பின்பக்கத் துவாரங்களைத் திறக்கும். மெல்லிய ஸ்பிரிங் போட்டால் சீக்கிரம் திறக்கும், அவ்வளவுதான் வேலை. முழுதாகத் திறக்கிறதா என்ற சந்தேகமா? டயாபிரம் தண்டில், அதன் கூட்டை ஒட்டி ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டி ஓட்டுங்கள். கிளிப் எவ்வளவு கீழே தள்ளப்பட்டிருக்கிறதோ, அவ்வளவுதான் திறந்திருக்கிறது.